மொன்டெலோங்கோ வீட்டுப் பல்

மொன்டெலோங்கோ வீட்டில் ஒரு பிள்ளைக்கு மேல் பல் முளைக்கிற காலம் வந்துவிட்டால், பெற்றவள் நாளுக்கு நாலு தடவை பிள்ளையின் ஈறைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். கீழ்ப் பல் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. மேலே, நட்டநடுவில், மூக்குக்கு நேர் கீழே, அகலமாக ஒரே ஒரு பல் வர வேண்டும். வந்தால் அது மொன்டெலோங்கோ பிள்ளை. உலகத்துக்கே வருகிற மாதிரி இரண்டு வந்துவிட்டால் அது எவன் பிள்ளையோ! நாசாஸ் ஊரில் அந்த வீட்டு ஆண்கள் போட்டுவைத்திருந்த சட்டம் இது. அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

பெரியவர் தோன் காஸ்துலோ தன் ஒற்றைப் பல்லுக்குத் தங்கத் தகடு போட்டிருந்தார். தன் தாத்தா இதே மாதிரிப் பல்லால் ஒரு படை சார்ஜென்டின் காதைக் கடித்துத் துப்பியவர் என்று குடித்தாலும் சொல்வார், குடிக்காவிட்டாலும் சொல்வார். கதை நிஜமோ பொய்யோ, கடித்துக் குதறுகிற குணம் மட்டும் சத்தியமாக நிஜம். மூத்தவன் லாசரோவுக்கும் இளையவன் உலிசெஸுக்கும் அதே பல், அதே குணம். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இந்த மூன்று பேர் வந்துவிட்டால் யாருக்காவது மூக்கு உடையாமல் பந்தி முடியாது.

இளையவன் மனைவி யாதிரா அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த வருஷம், லாசரோவின் மகன் ஹொனாஸுக்கு மேல் பல் முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பெரியவர் பிள்ளையின் வாயில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். இரண்டு. மகனைப் பார்த்தார், அவ்வளவுதான். லாசரோ எழுந்து பெல்ட்டைக் கழற்றினான். அடுப்படியில் ஆரம்பித்து வாசல் கேட் வரைக்கும் பெண்டாட்டியை அடித்துக்கொண்டே போனான். பக்கிள் பட்டு நெரெய்தாவின் புருவம் பிளந்தது. இடுப்பில் இருந்த பிள்ளையின் தலை அம்மாவின் ரத்தத்தில் நனைந்துவிட்டது. "சத்தியமா உன் பிள்ளைய்யா, உன் பிள்ளைய்யா" என்று அவள் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டது. அப்படியே பிள்ளையோடு பஸ் ஏறிப் போனவள்தான், திரும்பி வரவில்லை. யாதிரா அன்றைக்குக் கையில் சூடான தோர்த்தியா ரொட்டி அடுக்கோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்புறம் அவள் முறை வந்தது. ஏப்ரல் மாதம் முழு சூரிய கிரகணம் நாசாஸ் மேலேயே விழுந்தபோது அவள் ஏழு மாத கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கிரகணம் கடித்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அதைத் தடுக்க மாமியார் தோன்யா அம்பாரோ சிவப்பு உள்ளாடை வாங்கிக் கொடுத்து, வயிற்றுக்கு நேரே குறுக்கும் நெடுக்குமாக ஊக்குகள் குத்திவிட்டாள். ஒரு ஊக்கு குத்திக்கொண்டே இருந்தது. பொறுக்கமாட்டாமல் யாதிரா கிரகணம் விடுவதற்குள்ளேயே எல்லாவற்றையும் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

ஜூனில் பிறந்த பெண் பிள்ளைக்கு நெற்றி நடுவில் ஒரே கண். மூக்கு இல்லை. காலையில் பிறந்து, சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஜன்னலில் கிடந்த ஊக்குகளை மாமியார் பார்த்திருந்தாள். அது போதாதா? பச்சை உடம்புக்காரி என்றுகூடப் பார்க்காமல் உலிசெஸ் அவளைச் சுவரில் மோதினான். "எம் பொண்ணைக் கொன்னுட்டியேடி! ஒரு ஊக்கு குத்துறது தாங்கலியாடி உனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். யாதிரா தடுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நம்பினாள். அடி வாங்கினால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூட நினைத்தாள், பாவி.

தொர்ரெயோன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் மேல் ஆள் விட்டு இருவரையும் வரச் சொன்னார்கள். பிறவிக் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டர் இவோன் சல்திவார், முகத்துக்கு நேரே பேசுகிற பெண்மணி. யாதிரா உட்காரும் முன்பே ஊக்குக் கதையைச் சொல்லி அழுதுவிட்டாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டாள்.

"கிரகணத்தப்போ உனக்கு ஏழு மாசம்மா. இது மூணாவது வாரத்துலயே முடிஞ்சுபோன விஷயம். நாள் தள்ளிப்போச்சான்னு நீ யோசிக்கக்கூட ஆரம்பிச்சிருக்க மாட்டே. அப்போ எல்லாருக்குமே கண்ணு வரப்போற இடம் ஒண்ணுதான். நீ, நான், இதோ இவரு, எல்லாரும் ஒத்தைக் கண்ணாத்தான் ஆரம்பிச்சோம். மூளையும் பிரியாத ஒரே உருண்டைதான். அடியில நடுக்கோட்டுலேர்ந்து ஒரு புரதம் சுரக்கும். சுத்தி இருக்கிற செல்லுங்களுக்கு 'நடுவுல வழி விடு, ரெண்டாப் பிரி'ன்னு சேதி சொல்றது அதுதான். முள்ளெலின்னு பேரு அதுக்கு."

"எலியா?" என்றான் உலிசெஸ்.

"முள்ளெலி. முதல்ல ஈயிலதான் கண்டுபிடிச்சாங்க. அது கெட்டுப்போன ஈப்புழு உடம்பெல்லாம் முள்ளா இருந்துச்சு, அதான் அந்தப் பேரு. அந்தச் சேதி போதுமான அளவு போகலேன்னா கண்ணும் பிரியாது, மூளையும் பிரியாது. உங்க பொண்ணுக்கு அதான் நடந்தது." சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் வாயையே பார்த்தாள். "கொஞ்சம் பல்லைக் காட்டுங்க."

அவன் பெருமையாகக் காட்டினான். அப்பாவுக்கு உண்டு, அண்ணனுக்கு உண்டு, இரண்டு சித்தப்பாக்களுக்கு உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "சுத்தமான மொன்டெலோங்கோ அடையாளம் டாக்டர்."

"அந்தக் கோளாறோட அடையாளம் அது" என்றாள் டாக்டர். "முகத்துக்கும் நடுக்கோடு அதே சேதியிலதான் உருவாகுது. ஒருத்தருக்குப் பல்லு ஒண்ணானதோட போயிடும். அதே கோளாறு இன்னொருத்தருக்கு மூளையையே பிரியவிடாம செஞ்சிடும். இது உங்க பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. இந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை."

உலிசெஸ் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மேஜையில் இருந்த பிளாஸ்டிக் மூளை உருண்டு விழுந்து உடைந்தது. "எங்க வம்சத்தையே சீக்காளிங்கிறியா? எங்கப்பனை வந்து நேர்ல பார்த்துச் சொல்லு பார்ப்போம்!" காவலாள் ஓடி வந்தான். டாக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அடிச்சு முடிச்சாச்சா? உக்காருங்க. இன்னும் முக்கியமானதைச் சொல்லலை."

உட்கார்ந்தான் என்றால் பாருங்கள். அவன் வாழ்நாளில் அடித்த பிறகு அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. இனிப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி இது போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். போகாத பிள்ளைக்கு எல்லாரையும் போல மேலே இரண்டு பல் வரும். "ரெண்டு வந்தா பெரும்பாலும் தப்பிச்சுதுன்னு அர்த்தம். ரத்தம் பார்த்தா உறுதியாச் சொல்லிடலாம்."

யாதிராவுக்கு நெரெய்தாவின் பிளந்த புருவம் ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நல்ல பிள்ளையை, ஒரு குறையும் இல்லாத பிள்ளையை, ரத்தத்தில் குளிப்பாட்டித் தெருவில் விட்டிருக்கிறார்கள்!

திரும்பி வரும்போது உலிசெஸ் டிரக்கை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கில் முட்டி முட்டி அழுதான். "உன்னை என்ன அடி அடிச்சேன்... என் கை அழுகிப் போவட்டும்."

"அழுது என்ன ஆகப்போவுது? நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்து, பல்லு ரெண்டா வந்தா? உங்கப்பா முன்னாடி என்ன சொல்லுவே?"

"எம் பிள்ளைன்னு சொல்லுவேன். அந்த டாக்டரம்மா சொன்னது மொத்தத்தையும் எல்லார் முன்னாடியும் நானே சொல்லுவேன். எங்கம்மா மேல சத்தியம்."

அந்த ஒரு வாக்கை நம்பித்தான் யாதிரா இரண்டாவது பிள்ளையைச் சுமந்தாள். வயிற்றில் இருக்கும்போதே படம் எடுத்துப் பார்த்ததில் கண் இரண்டு. பையன் பிறந்தான், தாமியான் என்று பேர் வைத்தார்கள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் கொண்டாட்டம் இல்லை, பல் வந்தால்தான் கொண்டாட்டம். பெரியவர் பிள்ளையைக் கையில்கூடத் தூக்காமல் காத்திருந்தார்.

நவம்பர் வந்தது. பெக்கான் கொட்டை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்த யாதிராவுக்குச் சுரீரென்றது. பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறில் இரண்டு வெள்ளை முனை, அரிசி நொய் மாதிரி, நடுவில் நல்ல இடைவெளி விட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே யாராவது பார்க்கிறார்களா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தப்பித்துவிட்டான் என் ராசா! இனி நான் தப்பிக்க வேண்டும்.

பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த உலிசெஸிடம் காட்டினாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

"அறுவடை முடியட்டும்டீ. ஆளுங்க எல்லாம் இருக்காங்க."

"எல்லார் முன்னாடியும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்ல? சொல்லுவேன். சும்மா நச்சரிக்காதே" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அறுவடையின் கடைசி நாள் தோப்பிலேயே விருந்து. ஆண்கள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளக் கழிகளால் கிளைகளை அடித்து மிச்சக் கொட்டையை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் செப்பு அண்டாவில் பன்றிக்கறி, காய்ந்த மிளகாய் அரைத்த சிவப்புக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தோன்யா அம்பாரோ நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். லாசரோ மட்டும் ஒரு மரத்தை வஞ்சம் தீர்க்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். நெரெய்தா போனதிலிருந்து அவன் எதைத் தொட்டாலும் அப்படித்தான்.

தோன் காஸ்துலோ அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பீரைக் கீழே வைத்தார். "பேரனைக் கொண்டாம்மா. பல்லு வந்திருக்கணுமே இந்நேரம்."

கழிச் சத்தம் நின்றது. யாதிரா உலிசெஸைப் பார்த்தாள். அவன் இதோ இருக்கிறேன் என்கிற மாதிரி தலையசைத்தான். அவள் பிள்ளையைக் கொண்டுபோய் மாமனார் மடியில் உட்காரவைத்தாள்.

பெரியவர் கட்டைவிரலைப் பிள்ளையின் வாயில் விட்டார். பிள்ளை நறுக்கென்று கடித்தான். "அடி சக்கை! கடிக்கிறான்டா பய! மொன்டெலோங்கோடா இவன்!" என்று அவர் தங்கப் பல் தெரியச் சிரித்தார். ஆட்கள் விசில் அடித்தார்கள். ஒருத்தன் தொப்பியை மேலே வீசினான். அதே சிரிப்போடு உதட்டைத் தூக்கிப் பார்த்தவர், சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டார்.

பிள்ளையை ஒரு கையால் மூட்டையைத் தள்ளுகிற மாதிரி அவளிடம் தள்ளினார்.

"உலிசெஸ். இது யாரு பிள்ளை?"

உலிசெஸ் பூட்ஸ் முனையால் ஒரு கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லு" என்றாள் யாதிரா. "டாக்டர் என்ன சொன்னாங்க? எல்லாருக்கும் சொல்லு."

அவன் அப்பாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கழியோடு நின்ற அத்தனை ஆண்களையும் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு... தெரியலைப்பா" என்றான்.

இவ்வளவுதானா? அம்மா மேல் செய்த சத்தியம், டிரக்கில் அழுத அழுகை, எல்லாம் இவ்வளவுதானா?

"அப்புறம் என்ன, பெல்ட்டை எடு" என்றார் பெரியவர். உலிசெஸின் கை இடுப்புக்குப் போனது. போனதே, வெட்கக்கேடு!

"அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன்!" யாதிரா கத்தினாள். "உங்க ஒத்தைப் பல்லு வம்சப் பெருமை இல்லே, வம்ச நோய். எம் பொண்ணு ஒத்தைக் கண்ணோட செத்தது ஊக்காலே இல்லே, கிரகணத்தாலே இல்லே. இதோ இந்தப் பல்லுலேர்ந்து வந்தது. ரெண்டு பல்லு முளைச்ச பிள்ளைதான் தப்பிச்ச பிள்ளை. இதை டாக்டர் இவன் மூஞ்சிக்கு நேரே சொன்னாங்க, கேட்டுட்டு அழுதான்!" பிறகு லாசரோ பக்கம் திரும்பினாள். "மச்சான், ஹொனாஸ் உன் பிள்ளை. நெரெய்தாக்கா பொய் சொல்லலை. உன் பிள்ளையத்தான் நீ ரத்தத்தோட தெருவுல விட்டே."

அவள் பெரியவரைச் சொன்னதைக்கூட அவர்கள் தாங்கியிருப்பார்கள். இதை லாசரோவால் தாங்க முடியவில்லை. "பொய்! பொய் சொல்றாடா!" என்று கழியைச் சுழற்றினான். அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வலது முழங்கையைக் குறுக்கே விட்டாள். எலும்பு முறிந்த சத்தம் கிளை முறிகிற மாதிரி கேட்டது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. "வாயை மூடு! வாயை மூடுடீ!" மூன்றாவது அடி முதுகில். அவள் முழங்காலில் விழுந்து, பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். லாசரோ குனிந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் மணிக்கட்டில் வாயை வைத்தாள். வாயில் உப்புக் கரிக்கிற வரைக்கும் விடவில்லை. அவன் அலறிக்கொண்டு அவள் விலாவில் உதைத்தான்.

"நல்லா போடு" என்றார் தோன் காஸ்துலோ.

அப்போதுதான் அவர் மடியில் கொதிக்கிற குழம்பு வந்து விழுந்தது. ஒரு கரண்டி இல்லை. தோன்யா அம்பாரோ வெறும் கையால் அண்டாவின் காதைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டாள். பெரியவர் நாற்காலியோடு பின்னால் விழுந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு பன்றி கத்துகிற மாதிரி கத்தினார். லாசரோ கழியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு!" என்றாள் தோன்யா அம்பாரோ. உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு அது தெரியவே இல்லை. "லாசரோ, உனக்கப்புறம், இவனுக்கு முன்னாடி. ஒத்தைக் கண்ணோட. இந்த மனுஷன் அதைச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனான். எங்கே பொதைச்சான்னு இன்னிவரைக்கும் சொல்லலை. நான் வாயைத் தொறந்தா கொன்னுடுவேன்னான். அப்போ கிரகணமும் இல்லே ஒண்ணும் இல்லே. நான் ஏதோ பாவம் பண்ணிட்டேன்னு நெனச்சேன். அந்தப் பயத்துலதான்டா இவளுக்கு அத்தனை ஊக்கு குத்தினேன். கடைசியில இவமேலயே பழியைப் போட்டேன்." யாதிராவைப் பார்த்துக் கும்பிட முயன்றாள், கை சேரவில்லை. "அவ சொல்றது நெசம்டா லாசரோ. உன் பிள்ளைதான்டா அது."

லாசரோ தரையில் துடிக்கிற அப்பாவைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பெரியவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பல்லுதான்டா சாட்சி" என்றார்.

லாசரோ அவர் வாயில் கழியின் முனையை இறக்கினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. ஆட்கள் பாய்ந்து பிடித்தார்கள். பிடித்தவர்களில் ஒருத்தனின் தாடையை அவன் உடைத்தான், இன்னொருத்தனை மரத்தில் அடித்தான். கடைசியில் நாலு பேர் மேலே ஏறி உட்கார்ந்த பிறகு, முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு "ஹொனாஸ், ஹொனாஸ்" என்று மாட்டைப் போல அடிக்குரலில் கத்தினான். கேட்கச் சகிக்கவில்லை.

இத்தனையும் நடந்து முடிகிற வரைக்கும் உலிசெஸ் பெல்ட்டில் வைத்த கையோடு நின்றான்.

பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் டிரக்கைக் கொண்டுவந்தான். யாதிராவைத் தூக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, இடது கையில் பிள்ளையோடு தானே ஏறினாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அவள் சட்டையெல்லாம் லாசரோவின் ரத்தம், அவள் ரத்தம், குழம்பு. வழி முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான். "ஆளுங்க எல்லாம் இருந்தாங்கடீ... அப்பா அப்படித் திடீர்னு கேட்டதும் நாக்கு எழும்பலைடீ... ராத்திரி தனியா உக்காரவெச்சுச் சொல்லலாம்னுதான் இருந்தேன்... யாதிரா, ஏதாவது பேசுடீ." பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு ஓடிவந்து, அவளை உட்காரவைத்துக் கையைப் பார்த்தாள். "உடனே உள்ளே கொண்டுபோகணும். பிள்ளையை யாரு வெச்சுக்கறது? பிள்ளையோட அப்பா வந்திருக்காரா?"

"நான்தான்!" என்றான் உலிசெஸ். பளிச்சென்று, சத்தமாக, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான். "நான்தான் அப்பா. எம் பிள்ளை." இரண்டு கையையும் நீட்டினான். கண்ணில் நீர் கொட்டியது.

யாதிரா அவனை நன்றாகப் பார்த்தாள். தோப்பில் இந்த வார்த்தை வந்திருந்தால் அவள் இரண்டு கையும் முறிந்திருந்தாலும் இவனோடு கடைசி வரைக்கும் வாழ்ந்திருப்பாள். இங்கே, இவன் அப்பாவை யாரென்றே தெரியாத ஒரு நர்ஸ் முன்னால், இதைச் சொல்ல எவனால்தான் முடியாது?

பிள்ளையை இடது கையில் இறுக்கிக்கொண்டாள்.

"இவரு உங்க வீட்டுக்காரரா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லைங்க" என்றாள் யாதிரா. "அடிபட்டுக் கிடந்தேன். வண்டியில ஏத்திட்டு வந்தாரு. யாருன்னு எனக்குத் தெரியலை."

நர்ஸ் ஒரு கணம் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு உலிசெஸுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, வெளியே போகச் சொல்லிக் கதவைக் காட்டினாள்.